நோயாளியின் பிரயாணம்

திருப்பத்தூர் நமது தேச சரித்திரத்தில் அழியாத இடம் பெற்ற ஊர். மருது சகோதரர்களைக் கும்பினியார் 1801-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி தூக்கிலிட்டது இவ்வூரிலேதான். அவ்வழியே செல்லும் தேசபக்தர் எவரும் அவர்களுடைய ஞாபகச் சின்னத்தின் முன் ஒரு கணம் நின்று வணங்காமல் போவதில்லை. ஒரு லட்சியத்துக்காக உயிரை விடுவது மகத்தானது. ஆனால், தக்க சமயத்தில் தக்க முறையில் எடுத்துச் செல்வதற்கு ஆளில்லாமல் ஒருவன் சாலையிலே உயிரை விடுவதில் என்ன மகத்துவம் இருக்கிறது? அது முழுக்க முழுக்க நஷ்டம், தடுத்திருக்கக்கூடிய நஷ்டம்.

இதே திருப்பத்தூருக்குச் சமீபத்தில், பிள்ளையார்பட்டிப் பக்கத்தில், 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று இரண்டு சர்க்கார் பஸ்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். காயமுற்றவர்களின் தொகை அதைப்போல் பன்மடங்கு. இத்தகைய கோர விபத்து நேரும்போதெல்லாம் பத்திரிகைகள் எழுதுகின்றன. மந்திரிகள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். உதவித் தொகை அறிவிக்கப்படுகிறது. சில வாரங்களில் யாவும் மறந்து போகின்றன. பஸ்கள் ஏன் மோதுகின்றன என்ற விசாரணை அவசியமே. அதை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்டவர் சாலையிலிருந்து வைத்தியரின் மேஜையைச் சேரும் வரையில் உள்ள நேரத்தையும் தூரத்தையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். விபத்தில் சிக்கியவர் மாத்திரமல்ல, பிரசவ வேதனையில் இருக்கும் தாயும், பாம்பு தீண்டிய குடியானவரும், நெஞ்சு வலி கண்ட கிழவரும் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டியவர்களே.

நோயாளியை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். அவர் எந்த ஸ்திதியில் புறப்படுகிறார், வழியில் யாருடைய கண்காணிப்பில் இருக்கிறார், போய்ச் சேரும் இடத்தில் அவரை யார் எதிர்பார்த்திருக்கிறார் என்ற மூன்று விஷயங்களும் வேகத்தைவிட முக்கியமானவை. இம்மூன்றும் சரியாக அமைந்தால் வேகம் உதவும். இவை அமையாவிட்டால், எவ்வளவு வேகமாகச் சென்றாலும் வண்டி பிரேதத்தையே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டு பிரயாணங்கள்

திருப்பத்தூரின் அமைப்பைச் சற்று நோக்குவோம். மதுரை, காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் ஆகிய பல திசைச் சாலைகளும் இங்கே சந்திக்கின்றன. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வரும் யாத்திரிகர்களின் வண்டிகள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. தை பிறந்தால் பக்கத்துச் சிராவயலில் மஞ்சுவிரட்டு. அதற்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். மாடு முட்டிக் காயமடைவோர் இல்லாத வருஷம் கிடையாது. உயிர்ச் சேதம் நேர்ந்த வருஷங்களும் உண்டு. மற்ற நாட்களிலோ வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் விஷக்கடி.

இவ்வளவுக்கும் முதலில் கைகொடுப்பது உள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரி. சுவீடன் தேசத்து மிஷனரிகள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு ஸ்தாபித்த ஆஸ்பத்திரி சுற்று வட்டாரத்து ஏழைகளுக்குச் செய்த தொண்டையும் இவ்விடத்தில் நினைவு கூர்கிறோம். ஆயினும், மூளையில் ரண சிகிச்சை செய்யும் நிபுணரையும், இருதயக் குழாய் அடைப்பை நீக்கும் யந்திரத்தையும் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் வைப்பது எந்தச் சர்க்காராலும் ஆகாத காரியம். காரைக்குடியில் உள்ள சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரி ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது. 2012-ல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்ட சிவகங்கை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியோ 60 கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே, இந்த வட்டாரத்தில் கடுமையாக நோயுற்ற ஒருவர் ஒரு பிரயாணத்துடன் தப்புவதில்லை. சம்பவ இடத்திலிருந்து திருப்பத்தூருக்கு ஒரு பிரயாணம். திருப்பத்தூரிலிருந்து பெரிய ஊருக்கு மற்றொரு பிரயாணம். முதல் பிரயாணத்தை ஊரே கூடிப் பார்க்கிறது, பரிதாபப்படுகிறது, உதவ ஓடி வருகிறது. இரண்டாவது பிரயாணத்தை யாரும் பார்ப்பதில்லை. அனுப்பிய வைத்தியரின் பொறுப்பு வாசலோடு முடிந்து, பெறப்போகும் வைத்தியரின் பொறுப்பு இன்னும் தொடங்காத அந்த ஒன்றரை மணி நேரத்தில் நோயாளி யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத ஊர்களிலேதான் வழியில் மரணங்கள் நேர்கின்றன.

நமது ராஜ்யத்தில் இது விஷயமாக ஒன்றுமே செய்யப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயமாகும். ஆந்திரத்தில் 2005-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் முறை 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று ராஜ்யம் முழுவதிலும் 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் காசு வாங்காமல் ஓடுகின்றன. பச்சைக் குழந்தைகளுக்கென்று தனி வண்டிகளும், சந்துகளில் நுழைவதற்கு மோட்டார் சைக்கிள்களும் உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் டிரைவரோடு பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருக்கிறார். மத்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2018–20-ல் உயிருடன் பிறந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்குத் தாய்மார் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களும் நர்ஸுகளும் செய்த சேவையுடன், நேரத்துக்கு வந்து நிற்கும் வண்டிக்கும் இந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு. ஆனால், சாலை விபத்தில் 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் மாண்டவர்கள் 17,884 பேர் என்பதும் சர்க்கார் கணக்குத்தான். செய்தது அதிகம், செய்ய வேண்டியதும் அதிகம்.

மகாத்மாவின் டோலி

ஆம்புலன்ஸ் என்பதன் உட்பொருளை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ராணுவத்தில் லாரே என்ற ரண வைத்தியர் இருந்தார். யுத்தம் ஓயும் வரையில் காயம்பட்ட சிப்பாய்களைக் களத்திலேயே கிடக்க விடுவது அக்கால வழக்கம். லாரே, வில் பொருத்திய இலேசான குதிரை வண்டிகளைச் செய்வித்து, சண்டை நடக்கும்போதே அவற்றைக் களத்துக்கு அனுப்பினார். பதவியைப் பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானித்தார். அந்த வண்டியின் வேகத்தை உலகம் புகழ்ந்தது. ஆனால் அதன் வில்லை நாம் மறக்கக் கூடாது. காயம்பட்ட உடலுக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஒரு புதுக் காயம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் காந்தியடிகளே. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது அவர் இந்தியர்களைக் கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் படை திரட்டினார். ஏறக்குறைய 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற அக்கூலிகளில் தமிழர் எத்தனை பேர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சாலையும் மோட்டாரும் இல்லாத இடத்தில், காயம்பட்டவர்களை டோலிகளில் சுமந்துகொண்டு சில நாட்களில் 20, 25 மைல் அவர்கள் நடந்தார்கள். ஸ்பியான் காப் யுத்தத்துக்குப் பிறகு குண்டு விழும் எல்லைக்குள்ளேயே சென்று தளபதி வுட்கேட் முதலானோரைச் சுமந்து வந்தார்கள்.

அந்தப் படையைப் பற்றி ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. களத்துக்குப் போவதற்கு முன்பே காந்தியடிகளும் அவருடைய தோழர்களும் டாக்டர் பூத் என்பவரிடம் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் பயிற்சி பெற்றார்கள். தைரியமும் அன்பும் அவர்களுக்கு நிறைய இருந்தன. அவை போதுமென்று மகாத்மா நினைக்கவில்லை. கற்றுக்கொண்ட பிறகே தூக்கினார். அந்த மகாத்மா 1927-ல் இதே சிராவயலுக்கு வந்து, அங்கு வாலிபராயிருந்த ஜீவானந்தம் நடத்திய ஆசிரமத்தைப் பார்வையிட்டார் என்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமை. பெருமை பேசுவதோடு நில்லாமல் அவர் காட்டிய முறையையும் நாம் கைக்கொள்ள வேண்டும்.

சாலையோரத்தில்

விபத்து நடந்த இடத்தில் நம் ஜனங்களிடம் இரக்கத்துக்குக் குறைவே இல்லை. ஓடி வருகிறார்கள். நொறுங்கிய வண்டிக்குள்ளிருந்து கையைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுக்கிறார்கள். இருவர் அக்குளிலும் இருவர் முழங்காலிலும் தாங்கி, உடல் நடுவில் தொய்ய, ஆட்டோவிலோ காரின் பின் ஆசனத்திலோ மடக்கி உட்கார வைக்கிறார்கள். கழுத்தெலும்பு முறிந்தவருக்கு அதுவரையில் நரம்புக்குச் சேதமில்லாதிருந்தால், இந்த உபசாரத்தில் சேதம் உண்டாகிவிடலாம். உயிர் பிழைத்தும் கை கால் வழங்காமல் வாழ்நாள் முழுவதும் கட்டிலில் கிடக்க நேரிடலாம். நல்ல எண்ணம் செய்யும் தீங்கு இது.

ஆதலால் கிராமத்துக்குப் பத்து வாலிபராவது சில எளிய விஷயங்களைக் கற்றிருக்க வேண்டும். தீயோ வெள்ளமோ மறு வண்டி மோதும் அபாயமோ இருந்தாலன்றி, அடிபட்டவரை அவசரப்பட்டு அசைக்கக் கூடாது. ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடலை ஒரே கட்டையைப் புரட்டுவது போல ஒருசேரப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின்மேல் விடாமல் அழுத்த வேண்டும். பார்ப்பதற்காக அடிக்கடி துணியை எடுக்கக் கூடாது. நினைவிழந்தவருக்குத் தண்ணீரோ சோடாவோ புகட்டுவது பெருந்தவறு. அது மூச்சுக் குழாயில் இறங்கும். மாடு முட்டிக் குடல் வெளியே வந்திருந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது. ஈரமான சுத்தத் துணியால் மூடி, கால்களை மடக்கினாற்போல் வைத்துப் படுக்கவைக்க வேண்டும்.

பாம்புக் கடிக்கும் இவ்வாறே. கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் பயனற்றவை, அபாயகரமானவையுங்கூட. மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட அங்கத்தை ஒரு சட்டத்துடன் சேர்த்து அசையாமல் கட்டி, நோயாளியை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து ஒன்றே. அதை அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றிக்கொள்ளாமல் நேராக மதுரைக்கு ஓட்டுவது, கிணற்றடியில் நிற்பவன் தாகத்துக்கு ஆற்றைத் தேடிப் போவது போலாகும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் மூச்சு நின்றுபோகக் கூடும். எனவே, மருந்து ஏற்றிய பிறகும், பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோ என்ற பயம் இன்னும் சிலரை விலகி நிற்கச் செய்கிறது. இந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் 134-ஏ பிரிவும் சேர்ந்தது. அவசர நோயாளிக்குச் சிகிச்சை தருவது சர்க்கார் வைத்தியர், தனியார் வைத்தியர் ஆகிய இருவருக்கும் கடமை என்று அதே கோர்ட்டு 1989-லேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. பணமில்லையே என்ற கவலையும் குறைந்திருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தை ராஜ்ய சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. மத்திய சர்க்காரும் 2025-ல் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தை வெளியிட்டது. சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இவற்றை அறிந்தவர்கள்தான் கிராமங்களில் குறைவு.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

இனி, யாரும் பார்க்காத அந்த இரண்டாவது பிரயாணத்துக்கு வருவோம்.

“இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்கள்” என்ற வார்த்தையைக் கேட்டதும் உறவினர்கள் பதறுகிறார்கள். ஒவ்வொரு நிமிஷமும் போகிறதே என்று துடிக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் வைத்தியர் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டால் அவர்மீது கோபம் கொள்கிறார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் நடப்பது என்ன? மூச்சு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நினைவு குன்றியவருக்குக் குழாய் செலுத்துகிறார். ரத்தப் போக்கை நிறுத்துகிறார். கையில் ஊசிக் குழாயைப் பொருத்தி மருந்து ஏற்றுகிறார். முறிந்த எலும்பைச் சட்டம் வைத்துக் கட்டுகிறார். இவற்றை ஓடும் வண்டியில் மேலூர்ச் சாலைக் குலுக்கலில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதைச் செய்து பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். புறப்படுவதற்கு முன் செலவழிக்கும் நிமிஷங்களே வழியில் உயிரைக் காப்பாற்றுகின்றன. இதை உறவினர்கள் பொறுமையுடன் உணர வேண்டும். வைத்தியர்களும், “கொண்டு போங்கள்” என்ற ஒரு வார்த்தையோடு கடமையை முடித்துக்கொள்ளாமல், செய்ய வேண்டியதைச் செய்து, ஏன் தாமதம் என்பதை அவர்களுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

பிராணவாயுவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸுகளில் சாதாரணமாக வைக்கும் பி ரகச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர் வாயு கொள்ளும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிஷம் வரும். 15 லிட்டர் தேவைப்பட்டால் 100 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதே சிலிண்டர் பாதியளவே இருந்தால் 50 நிமிஷம். திருப்பத்தூரிலிருந்து மதுரைக்குப் போய், நகரத்து நெரிசலில் புகுந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சர் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். பள்ளிச் சிறுவன் போடும் கணக்கு இது. ஆனால் புறப்படும் முன் இதைப் போடாவிட்டால், மேலூரைத் தாண்டிய பிறகு முள் பூஜ்யத்தைத் தொடும். அப்போது டிரைவர் வேகமாக ஓட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

அடுத்தது கடிதமும் தொலைபேசியும். எப்போது அடிபட்டது, எப்போது பார்த்தோம், ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதிய கடிதம் நோயாளியோடு செல்ல வேண்டும். அனுப்பும் வைத்தியர் பெறும் வைத்தியருடன் நேரில் பேச வேண்டும். அங்கே படுக்கை இருக்கிறதா, நிபுணர் இருக்கிறாரா, ஸ்கான் யந்திரம் வேலை செய்கிறதா என்பதை வண்டி புறப்படுமுன் அறிய வேண்டும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஸ்கான் எடுத்தாக வேண்டும். ஸ்கான் இல்லாத இடத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் அந்த நாலரை மணியும் சாலையிலேயே தீர்ந்துவிடும். காரைக்குடிக்குப் போய், அங்கிருந்து சிவகங்கைக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போகும் நோயாளி மூன்று ஆஸ்பத்திரிகளைப் பார்க்கிறார், சிகிச்சையைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, உடன் செல்பவர். கடுமையான நோயாளியோடு மூச்சுக் கொடுக்கவும் மருந்து செலுத்தவும் தெரிந்த ஒருவர் தலைமாட்டில் அமர்ந்திருக்க வேண்டும். கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவிடாமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிடில் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நில்லாத தாய்க்குக் கால் முதல் அடிவயிறு வரையில் இறுக்கிப் பிடிக்கும் ஓர் ஆடை உண்டு. அதை அணிவித்து அனுப்பினால் வழியில் உயிர் தரிக்கும். குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்குக் குளிரே எமன். தனி வண்டி வரத் தாமதமானால், தாயின் மார்போடு தோலுடன் தோலாக அணைத்துப் போர்த்திக் கொண்டு போவதே சிறந்த கூடு.

வேகம் என்னும் மயக்கம்

சைரன் ஊதிக்கொண்டு பறக்கும் வண்டியைப் பார்த்தால் நமக்கு ஒரு திருப்தி. அந்த ஓட்டத்தால் மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் சில நிமிஷங்களே என்று மேல்நாடுகளில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சில நிமிஷங்கள் உயிர் காக்கும் நோய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், திடீர் பிரேக்கும் கூரான திருப்பமும் வார் கட்டாத நோயாளியை உருட்டுகின்றன. ஊசிக் குழாயைப் பிடுங்குகின்றன. உதவியாளரைக் கீழே தள்ளுகின்றன. ஆம்புலன்ஸே கவிழ்ந்து, உள்ளே இருந்தவர்களும் மாண்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் படிக்காமலில்லை. நோயாளிக்கு மார்பு, இடுப்பு, கால் என மூன்று இடங்களில் வார் கட்ட வேண்டும். உடன் வருவோரும் வார் அணிய வேண்டும். ஒருவருக்கு மேல் உறவினர் ஏறக் கூடாது. பின்னால் காரில் வருவோர் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் துரத்துவது, ஒரு துக்கத்தை இரண்டாக்கும் வழி.

டிரைவர் நிதானமாக ஓட்ட வேண்டுமானால் மற்றவர்கள் வழிவிட வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதச் சிறையோ பதினாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்துக்குப் பயந்துதான் நாம் வழிவிட வேண்டுமா? திருவிழா ஊர்வலத்திலும் கட்சி ஊர்வலத்திலும், உள்ளே கிடப்பது யாரென்று தெரியாமலே ஜனத்திரள் பிளந்து வழிவிடும் அழகை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பண்பு பஸ் நிலையத்து முச்சந்தியிலும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

சர்க்கார் செய்ய வேண்டியது முதலாவது. திருப்பத்தூர் போன்ற நடுவழி ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் மயக்க மருந்து வைத்தியரும், ரத்தமும், மூச்சு யந்திரமும் இருக்குமாறு செய்ய வேண்டும். அங்கு நோயாளியின் ஸ்திதி ஒழுங்குபட்டால்தான் மேற்கொண்டு செய்யும் பிரயாணம் பாதுகாப்பாகும். வழியில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும், பிரசவ மரணத்தை விசாரிப்பது போலவே, யாரையும் தண்டிக்கும் நோக்கமின்றி ஜில்லாதோறும் விசாரிக்க வேண்டும். எத்தனை மணிக்குப் புறப்பட்டது, யார் உடன் சென்றார், எங்கே தாமதித்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் அடுத்த நோயாளி பிழைப்பார். தனியார் நடத்தும் வண்டிகளுக்கும் விதிகள் உண்டு. முதல் உதவி வண்டி, நோயாளியை ஏற்றிச் செல்லும் சாதாரண வண்டி, அடிப்படை உயிர் காப்பு வண்டி, உயர்தர உயிர் காப்பு வண்டி என ஆம்புலன்ஸுகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியவற்றை நமது நாட்டு வாகன விதிகள் நிர்ணயித்திருக்கின்றன. இரண்டாம் வகை வண்டியில் நான்காம் வகை நோயாளியை ஏற்றி அனுப்புவதை அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, செட்டிநாட்டுத் தனவந்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்பிரதேசத்தின் தர்மச் சிந்தனையைத் தமிழுலகம் அறியும். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடி கல்விக் கேந்திரமாயிற்று. இன்றும் பெற்றோர் நினைவாக ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்போர் பலர் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால், வண்டி வாங்குவது ஒருநாள் செலவு. அதனுள் உட்காரப் பயிற்சி பெற்ற ஆளை வைப்பது வருஷந்தோறும் செலவு. ஆளில்லாத வண்டி, பூசாரியில்லாத கோயில். புதிதாக ஒரு வண்டி வாங்க எண்ணியிருப்பவர், அந்தத் தொகையை மூலதனமாக வைத்து, ஏற்கெனவே ஓடும் வண்டியில் ஓர் உதவியாளருக்குச் சம்பளமும், சிலிண்டருக்கு வாயுவும், இருபது கிராமங்களின் வாலிபருக்குப் பயிற்சியும் கிடைக்கும்படி ஒரு கட்டளை ஏற்படுத்தலாம். வண்டியின் பக்கத்தில் பெயர் எழுத முடியாமற் போகலாம். பிழைத்தவர்களின் வீட்டில் அந்தப் பெயர் நிலைக்கும்.

மூன்றாவது, வாலிபர்களின் கடமை. சிராவயல் திடலில் ஒவ்வொரு தை மாதமும் காளையை அடக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். வீரத்தில் நம் வாலிபர் யாருக்கும் இளைத்தவர்களல்லர். அடுத்த மஞ்சுவிரட்டுக்கு முன், திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வைத்தியர்களும் 108 உதவியாளர்களும் சேர்ந்து ஓர் ஞாயிற்றுக்கிழமை அதே திடலில் பயிற்சி வகுப்பு நடத்தட்டும். தலையைப் பிடிப்பது எப்படி, புரட்டுவது எப்படி, ரத்தத்தை நிறுத்துவது எப்படி, நின்ற நெஞ்சை அமுக்கி இயக்குவது எப்படி என்று காட்டட்டும். ஊருக்குப் பத்துப் பேர் வந்தால் போதும். சம்பவ இடத்தில் கூடும் கூட்டம் அன்று முதல் ஒரு படையாகிவிடும்.

அடிபட்டவர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்றால் சாலை மரணங்களில் பாதியைத் தடுக்கலாம் என்று இந்தியச் சட்டக் கமிஷன் தனது 201-வது அறிக்கையில் 2006-லேயே கூறியது. பாதி என்றால், 2022-ன் கணக்குப்படி நமது ராஜ்யத்தில் மட்டும் ஏறக்குறைய ஒன்பதினாயிரம் குடும்பங்கள். அவ்வளவு குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்கக்கூடிய காரியத்தில் பாதி வேலை, செலவில்லாத வேலை. கற்றுக்கொள்வதும், முன்கூட்டித் தொலைபேசியில் பேசுவதும், சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பதும்தான். சிவகங்கை ஜில்லா அதிகாரிகளும், திருப்பத்தூர் வட்டாரத்துப் பிரமுகர்களும், வாலிபர்களும் இதை உடனே கவனிப்பார்களென்று எதிர்பார்க்கிறோம். தை மாதம் வெகு தூரத்தில் இல்லை.